சென் லூயியில் சிக்கனமாகத் தங்க ஒரு வழிகாட்டி

செனகல் நாட்டின் வடகோடியில், மொரிட்டானியா எல்லைக்குப் பக்கத்தில், செனகல் ஆறு கடலைத் தொடப்போகும் இடத்தில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதுதான் பழைய சென் லூயி. ஊர்க்காரர்கள் ந்தார் என்கிறார்கள். 1659-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்த இடம். 1895 முதல் 1902 வரை பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் இதுவே தலைநகரம். 2000-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தீவின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அகலம் அரைக் கிலோமீட்டர்கூட வராது.

கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இந்தச் சின்ன அளவே பெரிய லாபம். ஊரைப் பார்க்க வண்டி பிடிக்க வேண்டாம், நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் படுக்கையின் விலையை மட்டும் பார்த்து அறை பிடித்தால் அந்த லாபம் கைவிட்டுப் போகும். எந்த மாதம் போகிறீர்கள், ஆற்றுக்கு எந்தக் கரையில் படுக்கிறீர்கள் என்ற இரண்டும்தான் இங்கே செலவைத் தீர்மானிக்கின்றன. அதனால் விடுதித் தளத்தைத் திறப்பதற்கு முன்னால் நாட்காட்டியைத் திறங்கள்.

மாதம்

நவம்பர் முதல் மே வரை மழை கிடையாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ராத்திரியில் நன்றாகவே குளிரும். கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும்போது போர்வை இல்லாமல் தூங்க முடியாது. இந்த மாதங்களில் ஏசி அறைக்குக் காசு கொடுப்பது வீண், மின்விசிறி உள்ள அறையே தாராளம். சகாராவிலிருந்து அர்மத்தான் காற்று கிளம்பினால் சில நாள் வானமே புழுதி நிறமாகிவிடும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மருந்தும் முகக்கவசமும் எடுத்துப் போகட்டும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். புழுக்கம், கொசு, தாழ்வான தெருக்களில் தேங்கும் தண்ணீர் எல்லாம் உண்டு. அறை வாடகை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏசி இல்லாமல் கண் மூட முடியாது என்று ஆகி, மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும். மலேரியா அபாயமும் இந்தக் காலத்தில்தான் அதிகம்.

அப்புறம் விழாக்கள். மே மாதம் சென் லூயி ஜாஸ் விழா நடக்கும். 1990-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் இது ஆப்பிரிக்காவின் பெயர்பெற்ற இசை விழாக்களில் ஒன்று. அந்த வாரம் தீவில் மலிவுப் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. இசைக்காகவே போகிறவர் என்றால் சில மாதம் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அந்த வாரத்தைத் தாண்டிப் போங்கள்.

பலருக்குத் தெரியாத தேதி செப்டம்பர் 5. முரீத் என்ற சூஃபி நெறியைத் தொடங்கிய ஷேக் அமது பம்பாவை 1895-இல் இங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அலுவலகத்தில் நிறுத்தி விசாரித்தார்கள். பிறகு காபோனுக்கு நாடு கடத்தினார்கள். ஆளுநரின் முன்னிலையிலேயே அவர் இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுதார் என்பது நம்பிக்கை. அந்த நினைவுக்காக ஆண்டுதோறும் அன்று நாடு முழுவதிலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். பார்க்க வேண்டிய கூட்டம்தான், ஆனால் அறை பேசி வைக்காமல் அன்று வந்து இறங்காதீர்கள். பக்ரீதை அங்கே தபாஸ்கி என்பார்கள். அதற்கு முந்தைய நாட்களில் வண்டிக் கட்டணம் ஏறும், இடமும் கிடைக்காது. ரமலான் பகலில் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். விடுதியில் அடுக்களை இருந்தால் மட்டும் அந்த மாதத்தில் போகலாம்.

என்னைக் கேட்டால் முதல்முறை போகிறவருக்கு ஜனவரி, பிப்ரவரிதான். பறவைகளும் அப்போது வந்திருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காகிதமும் ஊசியும்

செனகலின் விசா விதிகள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாறியிருக்கின்றன. இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி டிக்கெட் எடுக்காமல், டெல்லியில் இருக்கும் செனகல் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டால் விமான நிலைய கவுண்டரில் வாக்குவாதம் வராது. முதல் இரண்டு இரவுகளுக்கான தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கெட் இரண்டும் காகிதமாகவே கையில் இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டியது. அங்கே நோய் வராமல் இருக்க மட்டும் அல்ல, திரும்பி வருவதற்கும்தான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்கு வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவும் தேவைப்படும். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே போய்விடுங்கள். மலேரியா மாத்திரை பற்றி அதே பயணத்தில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

டக்காரிலிருந்து வழி

விமானம் இறங்குவது பிளேஸ் தியாங் விமான நிலையத்தில். 2017 டிசம்பரில் திறந்தது. தலைநகர் டக்காரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி, தியாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து துபாய் வழியாக வருவது எளிது. இரவில் வந்து இறங்கினால் அன்றே சென் லூயிக்குக் கிளம்ப வேண்டாம். இருட்டில் நெடுஞ்சாலைப் பயணம் அங்கே நல்லதல்ல, விளக்கில்லாத லாரிகளும் மாட்டு வண்டிகளும் குறுக்கே வரும். டக்காரில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

டக்காரிலிருந்து சென் லூயி சுமார் 260 கிலோமீட்டர். 1885-இல் இந்த இரண்டு ஊருக்கும் ரயில் பாதை போட்டார்கள். இன்று அந்தப் பாதையில் பயணிகள் ரயில் கிடையாது, எனவே சாலைதான். பீக்கின் பகுதியில் இருக்கும் போ மராஷே பேருந்து நிலையத்திலிருந்து வண்டிகள் கிளம்புகின்றன. டக்காரின் டெர் என்ற புறநகர் ரயிலிலும் அதே பெயரில் ஒரு நிறுத்தம் இருக்கிறது, டாக்சிக் காசு மிச்சம்.

வண்டி இரண்டு வகை. ஒன்று பேருந்து: மலிவு, மெதுவு. இன்னொன்று செத் பிளாஸ். ஓட்டுநரைத் தவிர்த்து ஏழு பேர் உட்காரும் பழைய பெஜோ ஸ்டேஷன் வேகன். ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், கால அட்டவணை கிடையாது. காலை ஏழு மணிக்குப் போனால் சீக்கிரம் நிரம்பும். பதினொரு மணிக்குப் போனால் வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். ஆள் கட்டணம் நிர்ணயித்தது, அதில் பேரம் இல்லை. பேரம் எல்லாம் பெட்டிக்குத்தான். முதலில் ஒரு தொகை சொல்வார்கள், பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். தோளில் மாட்டும் ஒரே பையோடு போனால் அந்தப் பேச்சே குறையும்.

இருக்கை விஷயம் முக்கியம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை ராஜ இருக்கை, நடு வரிசை பரவாயில்லை. பின் வரிசையில் மூன்று பேர் சக்கர மேட்டின் மேல் முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் வருகிறவர் முதலில் இடம் பிடிப்பார். பின் வரிசை மட்டும் மிச்சம் என்றால் வெட்கப்படாமல் அடுத்த வண்டிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் அப்படி மடங்கி உட்கார்ந்தால் இறங்கும்போது கால் நம்முடையதாக இருக்காது.

சென் லூயி பேருந்து நிலையம் தீவில் இல்லை, அக்கரையில் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து டாக்சி எடுத்துப் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். ஏறுவதற்கு முன்னால் விலையைப் பேசிக்கொள்ளுங்கள்.

எந்தக் கரை?

ஊர் மூன்று துண்டாக இருக்கிறது. கிழக்கே பெருநிலத்தில் சோர். நடுவில் தீவு. மேற்கே ஆற்றுக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவே நாக்கு மாதிரி நீண்ட மணல்திட்டு, அதன் பெயர் லாங் த பார்பரி. சோருக்கும் தீவுக்கும் இடையே 1897-இல் திறந்த ஃபெதர்ப் பாலம், சுமார் அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இரும்புப் பாலம். ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றுக்காகச் செய்தது தவறி இங்கே வந்துவிட்டது என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கும், உண்மை இல்லை. தீவுக்கும் மணல்திட்டுக்கும் நடுவே இரண்டு குட்டிப் பாலங்கள்.

சோரில் வாடகை குறைவு. சந்தை, மருந்துக்கடை, வங்கி எல்லாம் பக்கத்தில். ஆனால் பார்க்க வந்த இடம் பாலத்துக்கு அந்தப்பக்கம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது டாக்சி எடுப்பீர்கள். நாலு நாளில் அந்த டாக்சிக் காசு தீவின் வாடகையை எட்டிப் பிடித்துவிடும். ஒரு மாதம் தங்கப்போகிறவருக்கு, ஆய்வுக்காக வருகிறவருக்கு, சோர் சரியான இடம். நாலைந்து நாள் வருகிறவருக்கு வேண்டாம்.

மணல்திட்டில், தீவுக்கு நேர் எதிரே இருப்பது கெத் ந்தார், மீனவர் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு இடைவெளியே இல்லாத நெருக்கடி. வண்ணம் தீட்டிய நீண்ட படகுகள், வலை, ஆடு, குழந்தைகள், மீன் கருவாடாகும் வாசனை. போய்ப் பார்க்க வேண்டிய இடம், அறை தேட வேண்டிய இடம் அல்ல. அங்கே சிலர் வீட்டில் தங்க இடம் தருவதாகக் கூப்பிடுவார்கள். தெரிந்தவர் மூலமாக அல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதே திட்டில் தெற்கே நடந்தால் இத்ரோபாஸ். கடல் விமானங்கள் இறங்கிய காலத்துப் பெயர். 1930 மே மாதம் ஜான் மெர்மோஸ் தபாலோடு தென் அட்லாண்டிக்கைத் தாண்டி பிரேசிலுக்குப் பறந்தது சென் லூயியிலிருந்துதான். இன்று இத்ரோபாஸில் கடற்கரைக் குடில்கள், கூடாரம் போட இடம் தரும் முகாம்கள் இருக்கின்றன. அலைச் சத்தத்தில் தூங்க ஆசைப்படுகிறவருக்கு நல்ல இடம், விலையும் சில சமயம் தீவைவிடக் குறையும். ஆனால் சாப்பாட்டுக்கு அந்த முகாமையே நம்பியிருக்க வேண்டும், ஊருக்குள் வர டாக்சியும் வேண்டும். இன்னொரு விஷயம், கடல் இந்தக் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. 2003 அக்டோபரில் ஆற்றில் வெள்ளம் மிரட்டியபோது ஊரைக் காப்பாற்ற இந்த மணல்திட்டில் நான்கு மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ஊர் தப்பியது. ஆனால் அந்த வாய்க்கால் அகன்று அகன்று கிலோமீட்டர் கணக்கில் கழிமுகமாகிவிட்டது. தெற்கே தூன் பாபா தியே என்ற கிராமமே தண்ணீரில் போய்விட்டது. அதனால் கடற்கரை விடுதிகளின் பழைய படங்களை நம்பாதீர்கள். படத்தில் இருக்கும் மணல் இப்போதும் இருக்கிறதா என்று அண்மையில் தங்கியவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே தீவுதான். வடக்கு, தெற்கு என்று தீவில் இரண்டு பாதி. தெற்குப் பாதியில் அரசு அலுவலகங்கள், பள்ளிகள், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன, ராத்திரி எட்டு மணிக்கே ஓய்ந்துவிடும். வடக்குப் பாதியில் கடைகள், சாப்பாட்டு இடங்கள், பெரிய பள்ளிவாசல் என்று நடமாட்டம் அதிகம். முதல்முறை வருகிறவர், தனியாக வருகிற பெண் இருவருக்கும் நடுவில் உள்ள சதுக்கத்திலிருந்து நாலைந்து தெருவுக்குள் இருப்பது வசதி. ஃபெதர்ப் சதுக்கம் என்று பழைய வரைபடங்களில் இருக்கும். ஆளுநர் ஃபெதர்பின் சிலையை எடுத்துவிட்டு இப்போது அதற்கு பாயா ந்தார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டாக்சிக்காரருக்கு இரண்டு பெயரும் தெரியும்.

அறையைப் பார்க்கும் முறை

இங்கே விடுதி என்றால் பெரும்பாலும் பழைய வணிகர் வீடு. அதன் அமைப்பு தெரிந்தால் எந்த அறை எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். கீழ்த்தளம் கிடங்கும் கடையுமாக இருந்தது. மேல்தளத்தில் குடும்பம் வசித்தது, தெருவைப் பார்த்து மர பால்கனி, நடுவில் முற்றம். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் நடந்தவருக்கு இந்தத் தெருக்கள் சட்டென்று பழக்கமாகிவிடும். அந்தக் கீழ்த்தளக் கிடங்குகளில் அன்று இருந்த சரக்கே புதுச்சேரிக்காரருடையதுதான். ஆற்றின் மேல்பக்கத்து மூர் இன வணிகர்கள் கருவேலம் பிசினைக் கொடுத்து அதற்கு ஈடாகக் கேட்டது நம் பக்கத்து அவுரி நீலச் சாயம் தோய்த்த பருத்தித் துணியை. கினே துணி என்று பெயர். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்தத் துணிக்கட்டே ஆற்றோரம் பணமாக நடந்தது. புதுச்சேரியில் நெய்து, கப்பலேறி பிரான்ஸ் போய், அங்கிருந்து இங்கே வந்து, ஒட்டகத்தில் பாலைவனம் போனது. ஐரோப்பாவில் போலி செய்து அனுப்பினால் மூர் வணிகர்கள் தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் திருப்பி அனுப்பினார்களாம்.

சரி, அறைக்கு வருவோம். கிடங்காக இருந்த கீழ்த்தளத்தில்தான் இன்று பொதுப் படுக்கை அறை போட்டிருப்பார்கள். சுவர் தடிமன், ஜன்னல் சின்னது. வெயில் காலத்தில் கீழே குளுமை, ஆனால் சுவரில் உப்பு ஈரம் ஏறிப் பூசணம் வாடை வரும். மேல்தளத்து அறையில் காற்று வரும், விடிவதற்கு முன்னால் பாங்கு ஒலியும் வரும். ஆஸ்துமா உள்ளவர் மேலே போகட்டும். வெளிச்சத்தில் தூங்க முடியாதவர் கீழே படுக்கட்டும்.

முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் இணையத்தில் பதிவு செய்யுங்கள். மிச்சத்தை நேரில் பேசினால் இரண்டு, மூன்று இரவுகளுக்குச் சேர்த்துக் குறைப்பார்கள். பலகையில் ஓபெர்ஜ் என்று போட்டிருந்தால் எளிய விடுதி, மேசோன் தோத் என்றால் விருந்தினர் இல்லம், ஒரு படி மேலே. தோர்த்துவார் என்பது பொதுப் படுக்கை அறை. வாந்திலே என்றால் மின்விசிறி அறை, கிளிமாத்திசே என்றால் ஏசி. எளிய மின்விசிறி அறைக்குத் தோராயமாகப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஃபிராங்க் வைத்துக்கொள்ளுங்கள், பொதுப் படுக்கை அதற்கும் கீழே. கேட்டதும் பெரிய தொகையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். கணக்கு அடுத்த பகுதியில்.

பையை இறக்குவதற்கு முன்னால் அறையைக் காட்டச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, அவர்களே எதிர்பார்ப்பார்கள். கொசுவலையை இழுத்து விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டை இருந்தால் அப்போதே மாற்றித் தருவார்கள், ராத்திரி பத்து மணிக்குக் கேட்டால் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போயிருப்பார். மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பாருங்கள், கருப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். மேல்தளத்தில் மாலையில் தண்ணீர் ஏறுகிறதா என்று ஏற்கெனவே தங்கியிருப்பவரிடம் கேளுங்கள். விசிறியைப் போட்டுப் பாருங்கள். வெந்நீர் இல்லை என்றால் ஜனவரியில் குளியலை மதியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பொதுப் படுக்கை அறையில் பூட்டுப் பெட்டி இருக்கும், பூட்டு இருக்காது. ஒரு சின்னப் பூட்டு நீங்களே கொண்டுபோங்கள்.

விலை பேசும்போது மூன்று கேள்வி: சுற்றுலா வரி சேர்த்தா, காலை உணவு சேர்த்தா, அறைக்கா ஆளுக்கா? வரி ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்ற கணக்கு. கடைசி நாள் ரசீதில் திடீரென்று முளைப்பது பெரும்பாலும் அதுதான். காலை உணவு என்பது ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி. அதைக் கழித்துவிட்டு விலையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், வெளியே நல்ல மாற்று இருக்கிறது.

மொட்டை மாடி உள்ள விடுதியாகப் பாருங்கள். துணி காயப்போட இடம் என்பது ஒன்று. சாயங்காலம் அங்கேதான் அத்தாயா போடுவார்கள் என்பது இன்னொன்று. கரி அடுப்பில் சின்னக் கெண்டி, பச்சைத் தேயிலை, சர்க்கரை, புதினா. ஒரு கண்ணாடித் தம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றி ஆற்றி நுரை கட்டுவார்கள். மூன்று சுற்று வரும். முதலாவது கசக்கும், போகப் போக இனிப்பு ஏறும். முதல் சுற்றோடு எழுந்து போகாதீர்கள். நாளைக்கு யார் பறவைகளைப் பார்க்கப் போகிறார்கள், வண்டியில் இடம் இருக்கிறதா என்ற சேதியெல்லாம் இரண்டாவது, மூன்றாவது தம்ளரில்தான் கிடைக்கும்.

பணம்

பணம் சிஎஃப்ஏ ஃபிராங்க். யூரோவோடு கட்டிவைத்த பணம், ஒரு யூரோவுக்கு 655.957 என்பது மாறாது. ஆயிரம் ஃபிராங்க் என்றால் ஏறத்தாழ ஒன்றரை யூரோ. அன்றைய யூரோ விலையை ஒன்றரையால் பெருக்கினால் ஆயிரம் ஃபிராங்குக்கு எத்தனை ரூபாய் என்று தெரிந்துவிடும். ரூபாயை அங்கே மாற்ற முடியாது, டாலரைவிட யூரோ நோட்டு கொண்டுபோவது நல்லது. ஏடிஎம்மில் எடுக்க விசா அட்டை எளிதாக வேலை செய்யும். இயந்திரம் பத்தாயிரம் ஃபிராங்க் நோட்டாகத் தரும், அதைச் சின்னக் கடையில் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். பெரிய கடையில், பெட்ரோல் நிலையத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். நாணயங்களைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். ஊர்க்காரர்கள் வேவ், ஆரஞ்சு மணி என்ற கைபேசிச் செயலிகளில்தான் காசு கொடுக்கிறார்கள், நம் ஊர் ஜிபே மாதிரி தெருவோரக் கடைவரை அது போயிருக்கிறது. நமக்கு ரொக்கம்தான். சிம் வாங்கப் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.

சாப்பாடு

காலையில் தங்கானாவைத் தேடிப் போங்கள். துணியோ தகரமோ மறைத்த சின்னக் கொட்டகை, உள்ளே ஒரு நீள பெஞ்சு. நீள ரொட்டியை நடுவில் கீறி, வெங்காயமும் மிளகாயும் போட்டுக் குழைய வேகவைத்த தட்டைப்பயறை உள்ளே கரண்டியால் அப்பி, காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். அதற்கு ந்தாம்பே என்று பெயர். கூடவே கஃபே தூபா, காரமான ஒருவகைக் காட்டு மிளகைக் காபிக் கொட்டையோடு வறுத்து இடித்துப் போட்ட சர்க்கரைக் காபி. விடுதியின் ஜாம் ரொட்டியைவிட மலிவு, மதியம்வரை பசிக்காது.

மதியம் செபு ஜென். மீனும் சோறும். இது பிறந்ததே சென் லூயியில் என்பது ஊர்ப் பெருமை, பெந்தா ம்பாய் என்ற சமையல்காரி பெயரில் ஒரு வகையே இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ இந்தச் சமையலையும் பட்டியலில் சேர்த்தது. அரிசி நொய்யரிசி. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இந்தோசீனாக் குடியேற்றத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து பழக்கிய உடைந்த அரிசி, நாளடைவில் முழு அரிசியைவிட அதற்கே மவுசு. தக்காளிச் சாற்றில் மீன், கேரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் வெந்து, அந்தச் சாற்றிலேயே சோறும் வேகும். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தனியாக வைப்பார்கள். கேட்டு வாங்குங்கள், அதுதான் ருசி. சின்னக் கடைகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஃபிராங்கில் ஒரு தட்டு கிடைக்கும். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் போய்விடுங்கள், சட்டி காலியானால் கடையும் காலி.

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். வலது கையால் சாப்பிடலாம், நமக்கு அதில் சிரமம் இல்லை. உங்களுக்கு நேரே இருக்கும் பகுதியை மட்டும் சாப்பிடுங்கள். நடுவில் இருக்கும் மீனை வீட்டம்மா பிய்த்து உங்கள் பக்கம் போடுவார், நீங்களாகக் கையை நீட்ட வேண்டாம். போகும்போது பழமோ சர்க்கரையோ வாங்கிப் போவது முறை.

சைவக்காரர்களுக்கு இது கஷ்டமான ஊர்தான், மறைத்துப் பயனில்லை. மீன் வேண்டாம் என்றால் மீனை எடுத்துவிட்டு அதே சோற்றைக் கொடுப்பார்கள். காய்கறிக் குழம்பிலும் கருவாடு இருக்கும். ஆகவே அடுக்களை உள்ள விடுதியாகத் தேடுங்கள். சோர் சந்தையில் வெண்டைக்காய், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி, வேர்க்கடலை எல்லாம் கிடைக்கும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் பையில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கம்பும் தயிரும் கலந்த தியாக்ரி, செம்பருத்தி வகைப் பூவிலிருந்து எடுக்கும் பிஸாப் சாறு, பெருக்க மரத்துப் பழத்தின் பூயே சாறு ஆகியவை சைவம்தான். தண்ணீர் மட்டும் போத்தலில் வாங்குங்கள்.

ஊரைப் பார்ப்பது

தீவுக்குள் வழிகாட்டி அவசியம் இல்லை. பாலத்தடியில் காத்திருந்து கூடவே நடந்து வந்து கடைசியில் கூலி கேட்பவர்கள் உண்டு, தொடக்கத்திலேயே சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1828-இல் கட்டிய தேவாலயம், கோபுரத்தில் கடிகாரம் வைத்த பெரிய பள்ளிவாசல், தெற்கு முனை அருங்காட்சியகம், பழைய வீடுகளில் வைத்திருக்கும் புகைப்பட அருங்காட்சியகம் எல்லாம் ஒரே நாளில் நடந்து முடியும். மாலை நாலு மணிக்கு மேல் கெத் ந்தார் பக்கம் போனால் படகுகள் திரும்பி வருவதைப் பார்க்கலாம். ஆளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

செலவு வைக்கும் ஒரே பயணம் ஜூஜ் பறவைகள் சரணாலயம். வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். 1981-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து சகாராவைத் தாண்டி வரும் பறவைகளுக்கு முதல் தண்ணீர் அதுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெலிக்கன் கூட்டத்தைப் படகிலிருந்து பார்க்கலாம். தனியாக டாக்சி எடுத்தால் நாலு நாள் அறை வாடகை போய்விடும். நாலு பேர் சேர்ந்தால் தாங்கும். ஆள் சேரும்வரை கிளம்பாதீர்கள். வண்டி, நுழைவுக் கட்டணம், படகு மூன்றும் தனித்தனி என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். விடியற்காலை கிளம்பினால்தான் பலன்.

கடலில் இறங்கிக் குளிப்பது வேண்டாம். இழுப்பு பலமானது. கெத் ந்தார் மீனவர்களுக்கே பயமான கழிமுகம் அது.

பழகும் விதம்

எதைக் கேட்பதற்கு முன்னாலும் வணக்கம் சொல்லுங்கள். சலாம் அலேக்கும், நாங்கா தெஃப் என்றால் முகம் மலரும். மாங்கி ஃபி ரெக் என்று பதில் வரும். நேராக விலை கேட்டால் விலை கூடும். இந்தியா என்றதும் ஷாருக் கான் பேச்சு வரும், செனகலில் இந்திப் படங்களுக்குப் பல காலமாக ரசிகர் கூட்டம் உண்டு. உங்களுக்கு இந்தி தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். தெருவில் தகர டப்பாவோடு வரும் சிறுவர்கள் குர்ஆன் பள்ளி மாணவர்கள். காசைவிட ரொட்டியோ பிஸ்கட்டோ கொடுப்பது மேல், காசு அவர்கள் கையில் தங்காது. உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும்.

திரும்பும்போது டக்காருக்குள் போகத் தேவையில்லை. சென் லூயியிலிருந்து தியேஸ் என்ற ஊருக்கு (முன்னால் சொன்ன தியாஸ் வேறு) செத் பிளாஸ் கிடைக்கும், விமான நிலையம் அங்கிருந்து பக்கம். டக்கார் நெரிசலில் மாட்டும் இரண்டு மணி நேரமும் ஒரு ராத்திரி வாடகையும் மிச்சம். விமானம் நள்ளிரவு என்றால் சென் லூயியில் காலை ஒன்பது மணிக்குள் வண்டி ஏறிவிடுங்கள். தியேஸில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன்னால் டாக்சி பேசி நிலையத்துக்குப் போய்விடலாம்.